தரங்கம்பாடியிலிருந்து ஓர் இணுக்கு

கல்லூரியில் தாவரவியல் படித்தவர்களுக்கு ‘முரையா கோனிகீ’ என்ற பெயர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். கறிவேப்பிலையின் அறிவியல் பெயர் அது. இரண்டு சொல்லும் இரண்டு மனிதர்களைக் குறிப்பவை. முதலாமவர் யோஹன் ஆந்திரேயாஸ் மரே. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர், இந்தியப் பக்கம் வந்ததே இல்லை. இரண்டாமவர் யோஹன் கெர்ஹார்ட் கோனிக். தரங்கம்பாடியில் குடியிருந்து, சோழமண்டலக் கரை நெடுக அலைந்து, காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் வயிற்றுக்கடுப்பில் செத்தவர். ரசத்தைக் குடித்துவிட்டுத் தட்டின் ஓரத்தில் நாம் ஒதுக்கிவைக்கும் இலைக்கு இந்தப் பெயர்கள் வந்து சேர்ந்த வழி நீளமானது, நடுவே சில இடங்களில் வேடிக்கையானதும்கூட. அண்மையில் பெயரின் முன்பாதி மறுபடி மாறியிருக்கிறது.

கோனிக் பிறந்தது 1728இல், இன்று லாத்வியா இருக்கும் பால்டிக் கடலோரப் பகுதியில். 1757இல் ஸ்வீடனின் உப்சாலாவுக்குப் போய் லின்னேயஸிடம் மாணவரானார். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1753இல், லின்னேயஸ் தம் பெரிய நூலான ‘ஸ்பீசீஸ் பிளான்டாரம்’ வெளியிட்டிருந்தார். ஒவ்வொரு செடிக்கும் இரண்டே சொல்லில் பெயர் என்ற வழக்கம் அந்த நூலில்தான் நிலைபெற்றது. அதற்கு முன்பு செடியின் பெயர் என்பது ஒரு வரி நீள லத்தீன் வருணனை. லின்னேயஸுக்கு உலகத்துச் செடிகள் எல்லாம் வேண்டும். ஆனால் அவர் உப்சாலாவை விட்டு நகர மாட்டார். ஆகவே மாணவர்களைக் கப்பலேற்றினார். அவர்களில் திரும்பி வராதவர்கள் பலர்: ஹாசல்குவிஸ்ட் துருக்கியின் ஸ்மிர்னாவில் இறந்தார், லோஃப்லிங் வெனிசுவேலாவில், ஃபோர்ஸ்கால் ஏமனில். அந்த வரிசையில்தான் கோனிக்கும் நின்றார்.

அவருடைய முதல் பெரிய பயணம் வெயில் நாட்டுக்கு அல்ல, ஐஸ்லாந்துக்கு. டென்மார்க் அரசு தன் ஆட்சிப் பகுதிகளின் செடிகளையெல்லாம் படத்தோடு வெளியிடும் ‘ஃப்ளோரா டானிகா’ என்ற வேலையைத் தொடங்கியிருந்தது. அதற்காக 1760களின் நடுவில் கோனிக் அங்கே போனார். கொண்டுவந்தவற்றில் ஒன்று, விரல் நீளம்கூட இல்லாத, செந்தண்டுச் சிறு பூண்டு. பனி உருகும் கொஞ்ச நாளைக்குள் முளைத்துப் பூத்துக் காய்த்து மடிந்துவிடும் ஒருபருவச் செடி. துருவப் பக்கத்தில் அப்படிப்பட்டவை அபூர்வம். லின்னேயஸ் 1767இல் அதற்கு ‘கோனிகியா இஸ்லாண்டிகா’ என்று பெயரிட்டார். ஆக, கோனிக்கின் பெயர் முதலில் ஒட்டிக்கொண்டது ஐஸ்லாந்தின் குளிரில். அதே பெயர் நான்கு வருஷத்தில் நம் தாளிப்புக் கரண்டிக்கு வந்துவிட்டது. இரண்டு செடிகளும் ஒருபோதும் ஒரே நிலத்தில் நிற்கப்போவதில்லை.

தரங்கம்பாடி 1620 முதல் டேனியர் கையில் இருந்தது. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அங்கே கோட்டை எழும்பியது. 1706இல் சீகன்பால்க் என்ற மிஷனரி வந்திறங்கினார். டென்மார்க் அரசர் பணம் கொடுக்க, ஜெர்மனியின் ஹாலே நகரம் ஆளை அனுப்ப, மிஷன் நடந்தது. (ஹாலே என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.) அந்த மிஷனுக்கு ஒரு மருத்துவர் வேண்டியிருந்தது. கோனிக் 1767இல் புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையில் இறங்கிச் செடி பறித்துக்கொண்டு, 1768இல் தரங்கம்பாடி வந்தார்.

காட்டுக்குள் புகுந்து கண்டுபிடித்த செடி அல்ல கறிவேப்பிலை. அதைத் தேடி அவர் எங்கும் அலைந்திருக்கவே வேண்டாம். கொல்லையில் நிற்கும், சந்தையில் கொத்தாக விற்கும். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ‘கஞ்சகம்’ என்பதற்கு உரைகாரர்கள் கறிவேம்பு என்றே பொருள் சொல்கிறார்கள். ஆக, மோரிலும் கறியிலும் அதன் தளிரைப் போடுவது கோனிக் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே நடந்துகொண்டிருந்த விஷயம். ஐரோப்பியக் கண்ணில் பட்டதும் அதுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிகஸ்’ நூலின் நான்காம் தொகுதியில், வேம்புக்கு அடுத்த படமாகவே கறிவேம்பு இருக்கிறது, மலையாளப் பெயரோடு. அச்சானது 1683இல். லின்னேயஸ் அந்தப் பன்னிரண்டு தொகுதிகளையும் வைத்துக்கொண்டு எத்தனையோ செடிகளுக்குப் பெயர் கொடுத்தவர். வேம்புக்கு 1753இலேயே பெயர் கிடைத்துவிட்டது. பக்கத்துப் படத்தில் இருந்த கறிவேம்பு காத்திருந்தது. படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பூவைப் பிரித்து மகரந்தத் தண்டை எண்ண முடியாதல்லவா?

எண்ணுவதுதான் லின்னேயஸின் முறை. பூவில் எத்தனை மகரந்தத் தண்டு, எத்தனை சூல்தண்டு என்று பார்த்துச் செடியை வகுப்பில் போடுவார். அதற்குத் தேவை உலர்ந்த மாதிரி. பூவோடு கூடிய ஓர் இணுக்கைக் காகிதத் தாள்களுக்கு நடுவே பரப்பி, மேலே கனம் ஏற்றி, தாளை மாற்றிக்கொண்டே இருந்து ஈரத்தை வாங்க வேண்டும். காவிரி முகத்துவாரத்துக் காற்றில் இது லேசான வேலை இல்லை. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அதைவிடப் பெரிய எதிரி கரையான். கோனிக் கரையானையும் விட்டுவைக்கவில்லை. தஞ்சைப் பகுதியில் புற்றுகளைப் பார்த்து அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1779இல் பெர்லினில் அச்சேறியது, இந்தியக் கரையான்கள் பற்றிய ஆராய்ச்சி அதிலிருந்தே தொடங்குகிறது என்பார்கள். தம் உலர்செடிக் கட்டுகளைத் தின்ன வந்த பூச்சியை உட்கார்ந்து ஆராய்ந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போகிறது.

இணுக்கு கப்பலேறியது. கோனிக் குறிப்புகளையும் சேர்த்து அனுப்பினார், புதிய பேரினங்களுக்கு (பெயரின் முன்பாதி குறிப்பது பேரினத்தை) அவரே பெயரும் யோசித்திருந்தார். ஒன்றுக்கு ‘பெர்கெரா’. பெர்கர் என்பவரைக் கௌரவிக்கும் பெயர். இன்னொன்றுக்கு ‘முரையா’. லின்னேயஸின் மாணவரான மரேயின் பெயர். 1771இல் லின்னேயஸ் வெளியிட்ட ‘மான்டிஸ்ஸா ஆல்டெரா’ என்ற நூலில் இரண்டும் அடுத்தடுத்து வந்தன. முரையாவில் அவர் வைத்தது, வடக்கே காமினி என்று சொல்லி வேலியாக வளர்க்கும் வெள்ளைப்பூச் செடியை. பெர்கெராவில் வைத்தது கறிவேப்பிலையை. அதன் பின்பாதியை, அனுப்பியவருக்கு நன்றியாக, ‘கோனிகீ’ என்று தாமே சேர்த்தார். லத்தீனில் அது ‘கோனிக்குடைய’ என்ற உடைமைப் பொருள். அப்போது லின்னேயஸ் அறுபதைத் தாண்டியவர். அவர் கையில் இருந்தது காய்ந்த இலை. பச்சை இலையைக் கசக்கி முகர்ந்தால்தான் தெரியும் சமாச்சாரம் எதுவும் அந்தத் தாளில் இருந்திருக்காது. கறிவேப்பிலை காய்ந்ததும் மணத்தில் பெரும்பகுதியை விட்டுவிடும்.

இங்கே ஓர் அழகான தற்செயல் இருக்கிறது. கறிவேப்பிலைப் பூவில் மகரந்தத் தண்டு பத்து, சூல்தண்டு ஒன்று. வேப்பம்பூவிலும் அப்படியே. ஆகவே லின்னேயஸின் எண்ணிக்கை முறையில் இரண்டும் ஒரே வகுப்பில், ஒரே வரிசையில் விழுந்தன. தமிழரும் மலையாளியும் இலையின் சாயலைப் பார்த்து ‘வேம்பு’ என்று இதை வேப்பமரத்தோடு சேர்த்தார்கள். உப்சாலாக்காரர் பூவைப் பிளந்து எண்ணி அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். எலுமிச்சையோ அவருடைய முறையில் வேறு எங்கோ, மகரந்தத் தண்டுகள் பல கற்றையாக நிற்கும் செடிகளின் வகுப்பில் கிடந்தது.

இந்த ஏற்பாடு நெடுங்காலம் நீடிக்கவில்லை. பாரிஸில் ஜூசியூ 1789இல் இயற்கைக் குடும்பங்களை வகுத்தார். ஒரே ஓர் உறுப்பை எண்ணுவதை விட்டு, செடியின் பல பண்புகளைச் சேர்த்துப் பார்க்கும் முறை அது. அந்தப் பார்வை வலுப்பெற்றபோது கறிவேப்பிலை வேம்பை விட்டு எலுமிச்சைப் பக்கம் நகர்ந்தது. காரணம் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஓர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், ஊசி குத்தினாற்போல ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். எண்ணெய்ச் சுரப்பிகள் அவை. எலுமிச்சை இலையிலும் உண்டு, வில்வத்திலும் உண்டு. வேப்பிலையில் அந்தப் புள்ளிகள் தெரியாது. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், விளா, கறிவேப்பிலை எல்லாம் ரூட்டேசி என்ற ஒரே குடும்பம். மரபணு ஆராய்ச்சி வந்தபிறகு வேம்பின் குடும்பமும் எலுமிச்சையின் குடும்பமும் ஒரே வரிசைக்குள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் முன்னோர் சொன்னது முழுக்கப் பிசகு என்று யாரும் சொல்லிவிட முடியாது, தூரத்து உறவு இருக்கவே இருக்கிறது.

கோனிக்குக்கு வருவோம். மிஷன் கொடுத்த சம்பளம் அவருடைய பயணங்களுக்குப் போதவில்லை. 1774இல் ஆற்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். 1778இல் சென்னையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை அதே வேலைக்கு எடுத்துக்கொண்டது. சயாம், மலாக்கா என்று போய்வந்தார். இலங்கைக்கும் போனார். சென்னைக்கு வந்திருந்த இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பரோவுக்கு லின்னேயஸின் முறையைச் சொல்லிக்கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1785 ஜூனில் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் கோனிக் வயிற்றுக்கடுப்பால் இறந்தபோது பக்கத்தில் இருந்து மருத்துவம் பார்த்தவரும் ராக்ஸ்பரோதான். தாம் எழுதி வைத்தவற்றை எல்லாம் லண்டனில் இருந்த இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார் கோனிக். தாம் திரட்டியதைப் பற்றித் தம் பெயரில் பெரிய நூல் எதுவும் கோனிக் போடவில்லை. அவருடைய செடிகளை லின்னேயஸ் வெளியிட்டார், ஸ்வீடனின் லுண்ட் நகரத்து ரெட்சியஸ் வெளியிட்டார். ராக்ஸ்பரோவின் ‘சோழமண்டலக் கரையின் செடிகள்’ 1795இல் வரத் தொடங்கியபோது, முன்னுரையில் கோனிக்கின் வாழ்க்கையை எழுதியவர் பேட்ரிக் ரசல், பாம்புகளைப் பற்றி எழுதிப் புகழ் பெற்றவர். அந்த நூலின் இரண்டாம் தொகுதியில் இந்திய ஓவியர் வரைந்த கறிவேப்பிலை இருக்கிறது, பெர்கெரா கோனிகீ என்ற பெயரோடு. ஓவியரின் பெயர் இல்லை. சரியான படம் போட்டவருக்கும் முதன்முதலில் இலையைக் காட்டிக்கொடுத்தவருக்கும் தாவரப் பெயரில் இடம் வைக்கும் பழக்கம் அன்றைக்கு இல்லை. ஆளை வேலைக்குப் பயன்படுத்திவிட்டு ஒதுக்கினால் ‘கறிவேப்பிலை மாதிரி’ என்று சொல்வோமே, அது இங்கே கறிவேப்பிலையைப் படமெழுதியவருக்கே பொருந்திப்போனது.

இதற்குள் இணுக்குகளுக்கும் இடமாற்றம். லின்னேயஸ் 1778இல் இறந்தார், அவர் மகன் 1783இல். மறு ஆண்டு குடும்பம் மொத்தச் சேகரிப்பையும் விற்றது. வாங்கியவர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்ற ஆங்கில இளைஞர், ஆயிரம் கினி கொடுத்து. பெட்டிகள் லண்டன் போய்ச் சேர்ந்தன, 1788இல் லின்னேயஸ் சங்கம் தொடங்கப்பட்டது. தரங்கம்பாடியிலிருந்து உப்சாலாவுக்குப் போன கோனிக்கின் தாள்கள் இன்றும் லண்டனில் அந்தச் சங்கத்தின் நிலவறையில் பத்திரமாக இருக்கின்றன. பேங்க்ஸுக்குப் போனவை அதே ஊரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்.

பெயரோ ஓரிடத்தில் நிற்கவில்லை. 1818இல் வைமர் நகரத்துத் தாவரவியலர் டென்ஸ்டெட், வான் ரீடின் படங்களுக்கெல்லாம் அறிவியல் பெயர் கொடுக்க உட்கார்ந்தார். கறிவேம்பின் படத்தைப் பார்த்து ‘நிம்போ மெலியாய்டெஸ்’ என்றார். நிம்ப என்றால் வேம்பு, மெலியாய்டெஸ் என்றாலும் வேம்பு போன்றது. வேம்பு போன்ற வேம்பு! 1771இன் பெயர் மூத்தது என்பதால் அது எடுபடவில்லை. 1825இல் கர்ட் ஸ்பிரெங்கல், பெர்கெராவுக்கும் முரையாவுக்கும் தனித்தனிப் பேரினம் வைக்கும் அளவு வேறுபாடு இல்லையென்று இரண்டையும் ஒன்றாக்கி, கறிவேப்பிலையை முரையாவுக்குள் கொண்டுபோனார். ஸ்பிரெங்கல் பேராசிரியராக இருந்த ஊர் ஹாலே. தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்பிய அதே ஹாலேதான்.

செடி ஒரு பேரினத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பெயரின் பின்பாதி கூடவே போக வேண்டும், முதலில் அதைச் சூட்டியவரின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டு, மாற்றியவரின் பெயரை வெளியே எழுத வேண்டும் என்பது விதி. முரையா கோனிகீ என்பதற்குப் பின்னால் அடைப்புக்குள் ஒற்றை எழுத்தில் லின்னேயஸ், வெளியே ஸ்பிரெங்கல். அப்படி ஒற்றை எழுத்தில் குறிக்கப்படும் உரிமை லின்னேயஸ் ஒருவருக்கே. இந்த விதியால்தான் கோனிக் தப்பித்தார். கல்கத்தாத் தோட்டத்துக் குர்ஸ், முரையாவைவிட ‘சால்கஸ்’ என்ற பெயர் நான்கு வருஷம் மூத்தது என்று கண்டு, சால்கஸ் கோனிகீ என்றார். 1891இல் ஓட்டோ குன்ட்ஸே, மலாய் மொழியின் கெமுனிங்கிலிருந்து பிறந்த ‘கமுனியம்’ அதைவிடப் பழையது என்று கமுனியம் கோனிகீ ஆக்கினார். குன்ட்ஸே ஒரே நூலில் முப்பதாயிரம் செடிகளின் பெயரை மாற்றி உலகத்துத் தாவரவியலர் அத்தனை பேரையும் கொதிக்க வைத்தவர். மூப்பு ஒன்றையே பார்த்தால் புழக்கம் நாசமாகிவிடும் என்று பயந்துதான் பிற்காலத்து மாநாடுகள் ‘பாதுகாக்கப்பட்ட பெயர்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டன. முரையா அந்தப் பட்டியலில் ஏறி, மூத்த போட்டியாளர்களை ஒதுக்கிவிட்டது.

இந்த அலைச்சல் முழுவதிலும் கோனிகீ மட்டும் அசையவில்லை. பேரினப் பெயராக ஏறியவர்கள் எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. கோனிக்குக்குப் பிறகு தரங்கம்பாடியில் செடி சேர்த்தவர், தமிழ் அகராதி தொகுத்த ராட்லர். கபிலப் பொடி எடுக்கும் மரத்துக்கு ராக்ஸ்பரோ ‘ராட்லெரா’ என்று பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் அந்த மரத்தை மல்லோட்டஸ் பேரினத்துக்குள் போட்டார்கள், ராட்லெரா வழக்கொழிந்த பெயர்களின் பட்டியலுக்குப் போனது. முன்பாதியில் உட்கார்வது கௌரவம், பின்பாதியில் உட்கார்வது பாதுகாப்பு.

இருபதாம் நூற்றாண்டில் வேதியியலாளர்கள் வந்தார்கள். 1965இல் கல்கத்தாவில் சக்ரவர்த்தியும் கூட்டாளிகளும் கறிவேப்பிலை மரத்திலிருந்து பிரித்த ஒரு பொருளின் அமைப்பை விளக்கி அதை முரையனின் என்றார்கள். தாவரத்திலிருந்து கிடைத்த முதல் கார்பசோல் ஆல்கலாய்டு அது. தொடர்ந்து கிரிநிம்பின், மகாநிம்பின், கோனிம்பின். சமஸ்கிருத நிம்பமும் பால்டிக் கோனிக்கும் ஒரே மூலக்கூறின் பெயரில் கைகோத்தது இப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கார்பசோல்களே ஸ்பிரெங்கலுக்கு எதிரான சாட்சியாக மாறின. கறிவேப்பிலையிலும் அதன் நெருங்கிய உறவுச் செடிகளிலும் அவை நிறைய உண்டு. காமினி வகையிலோ கூமரின் என்ற வேறு வகைப் பொருட்களே மேலோங்கி நிற்கின்றன. காமினிக்குப் பெரிய பூ, சிவந்த பழம். கறிவேப்பிலைக்குச் சிறு பூ, கருநாவல் நிறப் பழம். மரபணுப் பகுப்பாய்வும் இரண்டையும் பிரித்தே காட்டியது. ஆகவே இப்போது பல தாவரவியலர் பெர்கெரா கோனிகீ என்றே எழுதுகிறார்கள். அடைப்புக்குறி போய்விட்டது, ஸ்பிரெங்கலும் போய்விட்டார். கோனிக் யோசித்த முன்பாதியும் லின்னேயஸ் சேர்த்த பின்பாதியும் 1771இல் இருந்தபடி. முரையனின் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கும், வேதியியலுக்குத் தாவரவியலின் விதி செல்லாது.

நர்சரிப் பலகையில் எந்தப் பெயர் எழுதினாலும் இணுக்கு இணுக்குத்தான், இந்தச் சண்டை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவில் இருக்கும் தமிழரைக் கேட்டால் வேறு பதில் வரும். ஆசிய எலுமிச்சைத் தத்துப்பூச்சி என்றொரு பூச்சி, எலுமிச்சை ஆரஞ்சு மரங்களை மஞ்சளடித்துச் சாகடிக்கும் பாக்டீரியாவைப் பரப்புகிறது. 1998இல் ஃப்ளோரிடாவில் அந்தப் பூச்சி தென்பட்டது, வீட்டுக் கொல்லையில் நின்ற காமினிச் செடியில். 2005இல் நோயும் வந்தது. அந்தப் பூச்சிக்குக் கறிவேப்பிலைக் கொழுந்து மிகப் பிடிக்கும். குடும்பப் புத்தி! எலுமிச்சையின் உறவுக்காரி என்று தாவரவியலர் சொன்னதைப் பூச்சி எப்போதோ தெரிந்துவைத்திருந்தது. விளைவு: ஊரிலிருந்து பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அமெரிக்காவில் இறங்க முடியாது. விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த நாட்டு வேளாண்மைத் துறையின் விதிப் பட்டியலில் எலுமிச்சைகளோடு சேர்ந்து கறிவேப்பிலையும் நிற்கிறது: பெர்கெரா கோனிகீ, முரையா என்றாலும் இதுவே என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்போடு.